60 ஹெர்ட்ஸ் கம்ப்யூட்டரை 50 ஹெர்ட்ஸ் வீட்டில் ஓட்டுவது எப்படி?

அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்த அத்தை மகன் தன்னுடைய பழைய காமடோர் 64 என்ற 1980களின் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பெட்டியோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஒரு ஸ்டெப்-டவுன் வாங்கி 230 வோல்ட்டை 110 ஆக்கினோம். சுவிட்சைப் போட்டதும் நீலத் திரை வந்துவிட்டது. அன்று ராத்திரி 8 மணிக்கு அதன் உள்கடிகாரத்தைச் சரியாக வைத்து, நேரத்தைக் காட்டும் சின்ன புரோகிராம் ஒன்றை ஓடவிட்டுப் படுத்தேன். காலை 8 மணிக்கு அது 6 மணி என்றது.

ஏதோ பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 12 மணி நேரத்தில் சரியாக 2 மணி நேரம் குறைந்திருக்கிறது, அதாவது ஆறில் ஒரு பங்கு. 60-க்குப் பதில் 50 வந்தால் குறைவதும் அதே ஆறில் ஒரு பங்குதான். அந்த மெஷின் மின்சாரத்தின் சைக்கிளை எண்ணி மணி சொல்கிறது. நொடிக்கு 60 வரும் என்ற கணக்கில் செய்தது. நம் வீட்டில் வருவது 50.

ஸ்டெப்-டவுன் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும். 50 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 50 ஹெர்ட்ஸ்தான் வெளியே வரும். "கன்வெர்ட்டர் போட்டாச்சே" என்று பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். வோல்டேஜ் தப்பானால் மெஷின் அந்த நொடியே புகையும். அதிர்வெண் தப்பானால் மெதுவாகச் சூடாகும், கடிகாரம் பிந்தும், டிஸ்க் படிக்காது, திரை ஆடும். எந்த மெஷினை எடுத்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்குள் 60 என்ற எண்ணை நம்பியிருப்பது யார்? ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்பா, மோட்டாரா, கடிகாரமா, திரையா? ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் படி: லேபிளைப் படியுங்கள்

மெஷினின் அடியிலோ பின்பக்கத்திலோ நேம் பிளேட் இருக்கும். "120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்காவுக்கென்றே செய்தது. முழுக்கச் சோதிக்க வேண்டும். "50/60 ஹெர்ட்ஸ்" என்றிருந்தால் மின்சாரப் பகுதியில் பாதிக் கவலை தீர்ந்தது.

ஜப்பான் மெஷின் கிடைத்தால் அதிர்ஷ்டம். 1890களில் டோக்கியோ ஜெர்மனியின் ஏஇஜி ஜெனரேட்டர்களையும், ஒசாகா அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஜெனரேட்டர்களையும் வாங்கின. அதனால் இன்றுவரை அந்த நாட்டின் கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. உள்நாட்டிலேயே வீடு மாறினாலும் ஓட வேண்டும் என்பதால் அங்கே விற்ற பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் இரண்டையும் தாங்கும். 100 வோல்ட் மட்டும் கொடுத்தால் போதும்.

பிரிட்டனிலிருந்து வந்தவற்றுக்கு இந்தத் தலைவலி கிடையாது. பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க 1984-ல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ, அங்கேயும் இங்கேயும் ஒரே 50 ஹெர்ட்ஸ் என்பதால் அப்படியே ஓடியது.

இரண்டாம் படி: பவர் சப்ளை எந்த வகை?

கையில் தூக்கிப் பாருங்கள். செங்கல் மாதிரி கனத்தால் உள்ளே இரும்பு ட்ரான்ஸ்ஃபார்மர். அளவுக்கு லேசாக இருந்தால் எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரத்தை வேகமாக ஸ்விட்ச் செய்து வோல்டேஜை மாற்றும் எலக்ட்ரானிக் சப்ளை.

எஸ்எம்பிஎஸ் வந்த மின்சாரத்தை முதலில் டிசி ஆக்கிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கும். அதனால் 50-ஆ 60-ஆ என்பது அதற்குப் பெரிய விஷயமில்லை. 1977-ல் வந்த ஆப்பிள் 2-க்கு ராட் ஹோல்ட் வடிவமைத்தது இந்த வகைதான். வோல்டேஜைச் சரிசெய்தால் வேலை முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது 115/230 சுவிட்ச். 115-ல் வைத்தால் உள்ளே வோல்டேஜை இரட்டிப்பாக்கும் சுற்று வேலை செய்யும். அந்த நிலையில் 230-ஐச் செருகினால், 200 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் மேலும் 325 வோல்ட் ஏறும். வெடிக்கும். செருகுவதற்கு முன் டார்ச் அடித்து அந்தச் சுவிட்சைப் பாருங்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். மல்டிமீட்டரில் அளந்து பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: இரும்பின் கணக்கு

ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்குள் ஓடும் காந்தப்புலத்தின் அளவு, வோல்டேஜை அதிர்வெண்ணால் வகுத்தால் வருவதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. அதே 120 வோல்ட்டை இங்கே 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் 2.4, இருபது சதவீதம் கூடுதல். செலவைக் குறைக்க இரும்பை இழுத்துப்பிடித்துச் செய்த ட்ரான்ஸ்ஃபார்மராக இருந்தால் இதிலேயே இரும்பு காந்தப்புலத்தால் நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு ஒவ்வொரு அரைச் சைக்கிளின் கடைசியிலும் கரண்ட் குபீரென்று ஏறும். ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும், சும்மா இருக்கும்போதே சுடும்.

100 வோல்ட் கொடுத்தால் 100-ஐ 50-ஆல் வகுத்து மறுபடி 2. இரும்புக்கு நிம்மதி. ஆனால் வெளியே வரும் வோல்டேஜும் ஆறில் ஒரு பங்கு குறையும். இதோடு இன்னொரு இழப்பும் உண்டு. ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் இருக்கும் கெப்பாசிட்டர், ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையில் தனியாக லோடைத் தாங்க வேண்டும். 60 ஹெர்ட்ஸில் அந்த இடைவெளி 8.3 மில்லிசெகண்ட், 50-ல் 10. அதனால் பள்ளங்கள் இன்னும் ஆழமாகின்றன. ஏற்கனவே வோல்டேஜ் குறைவு, அதில் பள்ளமும் ஆழம் என்றால் 5 வோல்ட் ரெகுலேட்டர் நடுநடுவே மூச்சுத் திணறும். மெஷின் காரணமே தெரியாமல் தொங்கும்.

நான் கண்ட நடுவழி 105 முதல் 110 வோல்ட். கடையில் 230-க்கு 110 என்று கேட்டு வாங்குங்கள், 120 வேண்டாம். நம் வீட்டில் 250 வரும் நாட்களில் அந்த 110 தானாகவே 120-ஐத் தொட்டுவிடும். மெஷின் 60 வாட் என்றால் ஸ்டெப்-டவுன் குறைந்தது 150 விஏ இருக்கட்டும். பயணிகளுக்கென்று உள்ளங்கை அளவில் விற்கிறார்களே, இஸ்திரிப்பெட்டிக்கும் ஹேர் டிரையருக்குமான லேசான கன்வெர்ட்டர், அதைக் கம்ப்யூட்டரின் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். அது அலையை வெட்டி வெட்டித்தான் வோல்டேஜைக் குறைக்கிறது.

முதல் தடவை பவர் கொடுக்கும்போது சீரிஸ் பல்பு போடுங்கள். எலக்ட்ரீசியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டேதான். 60 வாட் குண்டு பல்பு போதும். ஸ்டெப்-டவுனும் மெஷினின் ட்ரான்ஸ்ஃபார்மரும் மட்டும், வேறு லோடு இல்லாமல். பல்பு ஒரு மின்னு மின்னி அணைந்தால் நல்லது. லோடே இல்லாமல் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் நிரம்புகிறது அல்லது உள்ளே ஷார்ட். பிறகு நேரடியாகக் கொடுத்து அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான். புறங்கையை வைத்து எடுக்க முடியாத அளவு சுட்டால் அதை அப்படியே ஓட்டக் கூடாது.

சில ட்ரான்ஸ்ஃபார்மர்களில் பிரைமரி இரண்டு துண்டாக இருக்கும், 115-ம் 115-ம். அவற்றை சீரிஸில் இணைத்தால் 230-லேயே ஓடும், ஸ்டெப்-டவுன் தேவையில்லை. இன்னொரு வகை, பக்கத்தில் பெரிய ஆயில் கெப்பாசிட்டரோடு நிற்கும் ட்ரான்ஸ்ஃபார்மர். பழைய மினி கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் பார்க்கலாம். 1980களில் நம் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே இருந்த, வோல்டேஜை நிலையாக வைக்கும் சிவிடி ட்ரான்ஸ்ஃபார்மரின் உறவுக்காரர் இது. குறிப்பிட்ட ஹெர்ட்ஸில் ஒத்ததிரும்படி செய்தது என்பதால் 60-க்கானதை 50-ல் போட்டால் வோல்டேஜே கலைந்துவிடும். இதற்கு வோல்டேஜைக் குறைப்பது மருந்தாகாது. 50 ஹெர்ட்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் மாற்ற வேண்டும், இல்லையென்றால் கீழே சொல்லும் 60 ஹெர்ட்ஸ் வழி.

நான்காம் படி: காமடோர் 64-க்கு நேர்வழி

காமடோரின் கறுப்பு அடாப்டர் இரண்டு வோல்டேஜ் கொடுக்கிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. அந்த 5 வோல்ட் ரெகுலேட்டர் வயதாகிப் பழுதானால் வோல்டேஜ் மேலே ஏறும். முதலில் போவது மெமரி சிப்கள். பிசின் ஊற்றி மூடியிருப்பதால் சரிசெய்யவும் முடியாது. அதனால் அமெரிக்க அடாப்டரை ஸ்டெப்-டவுனில் ஓட்டுவதை ஒரு வாரத்திலேயே நிறுத்திவிட்டேன். இப்போதென்றால் ராத்திரி முழுக்க அதை ஓடவிடவே மாட்டேன்.

இங்கேயே செய்துகொள்வது எளிது. சென்னை ரிச்சி தெருவில் "9-0-9, ஒரு ஆம்ப்" என்று கேட்டால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த ட்ரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும். அதோடு நல்ல 5 வோல்ட், 3 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் ஒன்று. ட்ரான்ஸ்ஃபார்மரின் மூன்று ஒயரில் நடு ஒயரையும் ஒரு ஓர ஒயரையும் மட்டும் எடுங்கள். மற்ற ஓர ஒயரைத் தனியாக ஸ்லீவ் போட்டு மூடுங்கள். இரண்டு ஓரத்தையும் எடுத்தால் 18 வோல்ட் வரும், மெஷின் போய்விடும்.

காமடோரின் டின் பிளக்கில் 5-ஆம் பின்னுக்கு 5 வோல்ட், 2-ஆம் பின்னுக்கு அதன் நெகட்டிவ், 6-க்கும் 7-க்கும் 9 வோல்ட் ஏசி. ஏசி ஒயர் இரண்டையும் கிரவுண்டோடு சேர்க்கக் கூடாது, அவை தனி ஜோடி. ட்ரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பக்கமும் ஃபியூஸ் போடுங்கள், எல்லாவற்றையும் மூடிய பெட்டிக்குள் வையுங்கள். மெஷினில் செருகும் முன் மீட்டர் வைத்து ஒவ்வொரு பின்னையும் அளந்து, 5 என்பது 4.9-க்கும் 5.2-க்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

9 வோல்ட் ஏசி எதற்கு, அதையும் டிசி ஆக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சவுண்ட் சிப்புக்கும் வீடியோ சிப்புக்கும் வேண்டிய 12 வோல்ட் அதிலிருந்துதான் வருகிறது. கடிகாரத்துக்கான துடிப்பும் அந்த ஏசி ஒயரிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

ஐந்தாம் படி: கடிகாரத்துக்கு 50 என்று சொல்வது

காமடோரில் 6526 என்ற சிப் இரண்டு உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடிகாரம், மின்சார சைக்கிளை எண்ணி ஓடுவது. எத்தனை சைக்கிள் சேர்ந்தால் பத்தில் ஒரு நொடி என்பதை ஒரு பிட் தீர்மானிக்கிறது: பிட் 0 என்றால் ஆறு, 1 என்றால் ஐந்து. மெஷின் எழும்போது அந்த பிட் 0-வாகத்தான் இருக்கும். ஐரோப்பாவுக்கென்று செய்த காமடோரிலும் அப்படித்தான்.

திருத்துவது ஒரே வரி. முதல் சிப்புக்கு முகவரி 56334. அங்கே இருக்கும் எண்ணை பேசிக் மொழியின் பீக் (PEEK) கட்டளை கொண்டு படித்து, அதோடு 128-ஐ ஆர் (OR) செய்து, போக் (POKE) கட்டளை கொண்டு திரும்ப எழுதுங்கள். இரண்டாவது சிப்புக்கு 56590, அதே வேலை. ரன்-ஸ்டாப், ரெஸ்டோர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மெஷின் அந்த பிட்டை மறுபடி 0 ஆக்கிவிடும். அதனால் கடிகாரத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு புரோகிராமின் தொடக்கத்திலும் இந்த வரியை வைப்பது என் வழக்கம்.

நேரத்தை வைக்கும்போது வரிசை முக்கியம். 56331-ல் மணி, 56330-ல் நிமிடம், 56329-ல் நொடி, கடைசியாக 56328-ல் பத்தில் ஒரு நொடி. மணியை எழுதியதும் கடிகாரம் நின்றுவிடும். கடைசி எண்ணை எழுதிய பிறகுதான் ஓடத் தொடங்கும். எண்களை அப்படியே எழுதக் கூடாது. 45 நிமிடம் என்றால் நாலைப் பதினாறால் பெருக்கி ஐந்தைக் கூட்டி 69 என்று எழுத வேண்டும். பிற்பகல் என்றால் மணியோடு 128 கூட்டுங்கள்; ராத்திரி 8 மணிக்கு 136.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, 60 நொடி ஆனதும் காமடோரைப் பாருங்கள். 60 காட்டினால் சரி, 50 என்றால் பிட் விழவில்லை. பேசிக்கில் இருக்கும் டிஐ டாலர் (TI$) என்ற இன்னொரு கடிகாரத்தை இதோடு குழப்ப வேண்டாம். அது மெஷினின் கிரிஸ்டலை நம்பி ஓடுவது. மின்சாரம் 50-ஆ 60-ஆ என்று அதற்குத் தெரியாது. விளையாட்டுகளின் வேகமும் அப்படித்தான். 60 ஹெர்ட்ஸ் கொடுத்தால் கேம் வேகமாக ஓடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

பிட்டைப் போட்ட பிறகும் கொஞ்சம் முன்பின் ஆகலாம். நம் நாட்டு கிரிட்டுக்கு விதித்திருக்கும் எல்லை 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ். நாள் முழுக்க 49.90-லேயே நின்றால் கடிகாரம் மூன்று நிமிடம் பிந்தும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது அந்த இன்வெர்ட்டரின் சொந்த 50-தான் கணக்கு. சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமுவதும் கேட்கும்.

காமடோரின் இன்னொரு கம்ப்யூட்டரான அமிகா 2000-லும் இதே மாதிரி மின்சாரத் துடிப்பை எண்ணும் வழி உண்டு. அதில் ஜே300 என்ற ஜம்பரை மாற்றினால் மின்சாரத்துக்குப் பதில் திரையின் துடிப்பை எண்ணத் தொடங்கும். யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் இந்த 60-தான் பிறந்த வீடு: 1971-ல் வந்த முதல் பதிப்பு, நேரத்தை நொடியில் அறுபதில் ஒரு பங்காக எண்ணியது. பிடிபி-11 என்ற மினி கம்ப்யூட்டரில் பழைய யூனிக்ஸை ஓட்டுபவர்கள் மூல நிரலில் 60 என்றிருப்பதை 50 ஆக்கி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

ஆறாம் படி: டிஸ்க் டிரைவின் வேகம், ட்யூப்லைட் வெளிச்சத்தில்

ஐந்தே கால் அங்குல டிரைவ்களின் மோட்டார் டிசியில் ஓடுவது. மின்சார ஹெர்ட்ஸ் அதன் வேகத்தை மாற்றாது. ஆனால் வேகத்தைச் சரிபார்க்கும் முறைக்குள் ஹெர்ட்ஸ் ஒளிந்திருக்கிறது.

ஆப்பிளின் டிஸ்க் 2 டிரைவைக் கவிழ்த்துப் பார்த்தால் பெல்ட் ஓடும் பெரிய சக்கரத்தின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், இரண்டு வளையங்களாக. 50 ஹெர்ட்ஸ் ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மின்னுகிறது. சக்கரம் நிமிடத்துக்கு 300 சுற்று, நொடிக்கு 5. நூறை ஐந்தால் வகுத்தால் 20. இருபது கோடுள்ள வளையம் அந்த வெளிச்சத்தில் அசையாமல் நிற்கும். 60 ஹெர்ட்ஸுக்கு 24 கோடு. அமெரிக்கக் கையேட்டைப் பார்த்து, நம் வெளிச்சத்தில் 24 கோடு வளையத்தை நிறுத்தப் பார்த்தால் டிரைவை 250 சுற்றுக்கு இழுத்துக் கொண்டிருப்பீர்கள். அப்புறம் எந்த டிஸ்க்கும் படிக்காது.

எனவே கோடு குறைவாக உள்ள வளையத்தைப் பாருங்கள். கோடுகள் சக்கரம் சுற்றும் பக்கமாகவே நகர்ந்தால் வேகம் அதிகம், எதிர்ப்பக்கம் நகர்ந்தால் குறைவு. மோட்டார் போர்டில் இருக்கும் சின்ன திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். கோடுகள் தயங்கி, ஊர்ந்து, ஒரு கட்டத்தில் வரைந்து வைத்தது போல நிற்கும். எத்தனை தடவை செய்தாலும் அந்த நொடி எனக்குப் பிடிக்கும்.

வெளிச்சம் எது என்பதில் கவனம் வேண்டும். எல்இடி பல்புகள் பலவும் இப்படி மின்னுவதில்லை. எலக்ட்ரானிக் சோக் போட்ட ட்யூப்லைட்டும் உதவாது. அது ஆயிரக்கணக்கான தடவை மின்னுகிறது. பழைய கனமான செம்பு சோக் போட்ட ட்யூப்லைட் தேவை. அது இல்லையென்றால் சுவிட்ச்போர்டில் இருக்கும் நியான் இண்டிகேட்டர். வெளிச்சம் மங்கல், ஆனால் அறையை இருட்டாக்கினால் போதும்.

ஏழாம் படி: ஏசியில் நேரடியாக ஓடும் மோட்டார்கள்

எட்டு அங்குல டிரைவ் வைத்திருந்தால் நிலைமை வேறு. ஷுகார்ட் எஸ்ஏ800 போன்றவற்றில் மோட்டார் நேரே மின்சாரத்தில் ஓடுகிறது. 360 சுற்று வர வேண்டியது 50 ஹெர்ட்ஸில் 300-தான் வரும். இதற்கென்றே 50 ஹெர்ட்ஸ் புல்லியும் பெல்ட்டும் தனியாக விற்றார்கள். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் மோட்டார் புல்லியை ஐந்துக்கு ஆறு என்ற கணக்கில் பெரிதாகக் கடைந்து வாங்கலாம். பட்டை பெல்ட்டாக இருந்தால் பெல்ட்டின் கனத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 30 மில்லிமீட்டர் புல்லி, அரை மில்லிமீட்டர் பெல்ட் என்றால் 30.5-ஐ 1.2-ஆல் பெருக்கி 36.6, அதில் பெல்ட்டைக் கழித்து 36.1. வெறும் 36 என்று கடைந்தால் வேகம் கொஞ்சம் தப்பும். பழைய புல்லியின் நடுவில் லேசான மேடு இருந்தால் புதியதிலும் அது இருக்க வேண்டும், இல்லையென்றால் பெல்ட் நழுவிக்கொண்டே இருக்கும். மோட்டார் 50 ஹெர்ட்ஸைத் தாங்குமா என்று அதன் லேபிளையும் பார்த்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரோடு இணைக்கும் தட்டச்சு மெஷினான டெலிடைப் ஏஎஸ்ஆர்-33 வைத்திருப்பவருக்கும் இதே கதை. 110 பாட் வேகம் 91.67-க்கு இறங்கிவிடும், எழுத்துகள் குப்பையாக வரும். அதற்கு 50 ஹெர்ட்ஸ் பல்சக்கரம் மாற்ற வேண்டும். ஏசி ஃபேன்களும் மெதுவாகும், காற்று குறையும். நம் ஊர் வெயிலில் அதை நான் விடமாட்டேன். 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் ஃபேன் மாற்றிவிடுவேன்.

எட்டாம் படி: திரை ஆடினால்

அமெரிக்க காமடோர் நொடிக்குக் கிட்டத்தட்ட 60 தடவை படம் வரைகிறது. பக்கத்தில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் நொடிக்கு 50 தடவை துடிக்கிறது. பிக்சர் ட்யூப் மானிட்டரில் இந்த வித்தியாசமான 10 கண்ணுக்குத் தெரியும். எழுத்துகள் குளத்து நீருக்குள் கிடப்பது போல இடமும் வலமும் நெளியும். படத்தின் துடிப்பும் மின்சாரத்தின் துடிப்பும் ஒன்றாக இருந்த நாட்டில் இந்த நெளிவு ஏறக்குறைய நின்றே போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மருந்து தூரம்தான். ஸ்டெப்-டவுனை மேஜையிலிருந்து இறக்கித் தரையில், மானிட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். தள்ள முடியாவிட்டால் ட்ரான்ஸ்ஃபார்மரைத் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் ஆட்டம் நன்றாகக் குறையும். எல்சிடி திரையில் இந்தப் பிரச்சினை வராது. அதற்கு அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி சிக்னலை ஏற்கும் டிவியாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

நிஜமாகவே 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால்

புல்லி கடைய முடியாது, ட்ரான்ஸ்ஃபார்மர் மாற்ற மனமில்லை, மெஷினை அப்படியே பாதுகாக்க வேண்டும் என்றால் 60 ஹெர்ட்ஸை வீட்டிலேயே உண்டாக்கலாம். அமெரிக்கக் கார்களுக்கு விற்கும் 12 வோல்ட் இன்வெர்ட்டரை வருபவர் யாரிடமாவது சொல்லி வாங்குங்கள். பியூர் சைன் வேவ், 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். அதற்கு இங்கே ஒரு பேட்டரியோ, தாங்கும் அளவு ஆம்பியர் உள்ள 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸோ கொடுத்தால் அறைக்குள் அமெரிக்க மின்சாரம் தயார். ஏசி மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதனால் மோட்டாரின் வாட்டைப் போல நாலைந்து மடங்கு பெரிய இன்வெர்ட்டராக எடுங்கள். தொழிற்சாலைகளில் மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி பெட்டியை வைத்து இதைச் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதிலிருந்து வருவது நறுக்கிய அலை. ஃபில்டர் இல்லாமல் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கக் கூடாது.

டொராண்டோவிலோ நியூஜெர்சியிலோ இருந்துகொண்டு, ஊரில் ஓட்டிய 50 ஹெர்ட்ஸ் மெஷினை எடுத்துப் போனவர்களுக்குக் கணக்கு தலைகீழ், ஆனால் சுலபம். 120-ஐ 230 ஆக்க ஒரு ஸ்டெப்-அப் போதும். 230-ஐ 60-ஆல் வகுத்தால் முன்பைவிடக் குறைவு, இரும்புக்கு லாபம். ஏசி ஃபேன் கொஞ்சம் வேகமாக ஓடும். டிஸ்க் டிரைவில் அங்குள்ள ட்யூப்லைட்டின் கீழ் 24 கோடு வளையத்தைப் பாருங்கள். காமடோராக இருந்தால் 56334-ல் போட்ட அந்த 128-ஐ எடுத்துவிடுங்கள். மறந்தால் கடிகாரம் மணிக்கு 12 நிமிடம் முந்தும்.